குரலுக்கு வாடகையா, கிரயமா?

ஜெர்மனியில் ஒரு குரல் கலைஞரிடம், 'இரண்டு நிமிட விளம்பரப் படத்துக்குக் குரல் கொடுக்க என்ன கட்டணம்?' என்று கேட்டால் அவர் உடனே தொகையைச் சொல்வதில்லை. அந்தக் குரல் எந்த ஊடகத்தில் ஒலிக்கும், எந்தெந்த நாடுகளில் ஒலிக்கும், எத்தனை காலம் ஒலிக்கும் என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பார். சென்னையில் அதே வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழுகின்றன: எத்தனை நிமிடம்? எத்தனை மணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வர முடியும்?

இதை இரு நாடுகளின் வழக்க வேறுபாடு என்று கடந்துபோக முடியாது. முதல் முறை, குரலை ஒரு சொத்தாகக் கருதி அதன் பயன்பாட்டுக்கு விலை வைக்கிறது. இரண்டாவது முறை, குரலை வெறும் உழைப்பாகக் கருதி நேரத்துக்குக் கூலி தருகிறது. சில நிமிடப் பதிவிலிருந்தே ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவு பிரதி எடுக்க வல்லதாகிவிட்ட இன்றைய சூழலில், இந்த வேறுபாடு பல குடும்பங்களின் வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கப் போகிறது.

ஜெர்மனியின் கணக்கு: அந்நாட்டுக் குரல் கலைஞர்களின் சங்கம் 'காகன்கொம்பாஸ்' என்ற பெயரில் ஒரு கட்டண வழிகாட்டியை வெளியிடுகிறது. 'ஊதியத் திசைகாட்டி' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும், பேரம் தொடங்கும் இடம் எது என்பதை இரு தரப்புக்கும் அது காட்டிவிடுகிறது. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்குள்ளும் இணையதளத்திலும் காட்டும் அறிமுகப் படம் என்றால், படத்தின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் அமைகிறது. மிகக் குறுகிய படத்துக்கே சில நூறு யூரோ ஆகும். பயிற்சிக் காணொலிகளுக்கும் நீளமே அடிப்படை.

விளம்பரத்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து பேசுவதற்கு ஒரு தொகை. அந்தப் பதிவைப் பயன்படுத்துவதற்கு வேறொரு தொகை. தொலைக்காட்சி, வானொலி, திரையரங்கு, கட்டண இணைய விளம்பரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. உரிமம் பொதுவாக ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டும் அதே விளம்பரம் ஒலித்தால் மீண்டும் பணம் தர வேண்டும். ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கொண்டுசென்றால் கூடுதல் கட்டணம்.

ஜெர்மன் குரல் ஏன் இவ்வளவு விலை போகிறது என்று வியப்பவர்கள், அங்குள்ள வாழ்க்கைச் செலவையும் ஜெர்மன் மொழிச் சந்தையின் வளத்தையும் காரணமாகச் சொல்வர். அது பாதி உண்மை. மீதிப் பாதி, விலை கட்டப்படும் முறையில் இருக்கிறது.

சென்னை வாசகருக்கு இதை விளக்க ஓர் எளிய ஒப்புமை போதும். மயிலாப்பூரில் வீடு வைத்திருப்பவர் 11 மாத ஒப்பந்தம் போட்டு அதை வாடகைக்கு விடுகிறார். காலம் முடிந்ததும் வாடகையை உயர்த்துகிறார், அல்லது வேறு ஆளுக்குக் கொடுக்கிறார். அந்தப் பதினொரு மாத வாடகைத் தொகைக்கே வீட்டைக் கிரயம் செய்து தரும்படி கேட்டால் அவர் சிரிப்பார். ஆனால், நம் குரல் கலைஞர்கள் அனேகமாக ஒவ்வொரு நாளும் அப்படிப்பட்ட கிரயப் பத்திரத்தில்தான் கையெழுத்திடுகிறார்கள். தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றின் தீபாவளி விளம்பரத்துக்கு ஒரு மணி நேரம் பேசியவரின் குரல், கடைக்காரர் விரும்பினால் அடுத்தடுத்த தீபாவளிகளுக்கும் ஒலிக்கும். பேசியவருக்குக் கிடைப்பது முதல் தீபாவளிக்கான தொகை மட்டுமே.

ஜாக் ஸ்பாரோவின் ஜெர்மன் குரல்: ஜெர்மனியில் எல்லாம் சீராக இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. திரைப்பட டப்பிங்கில் அங்கும் நெடுங்காலமாகக் கூலிக் கணக்குதான். வசனத்தைச் சில விநாடிகள் நீளும் 'டேக்'குகளாகப் பிரிப்பார்கள். கூடத்துக்கு வந்ததற்கு ஓர் அடிப்படைத் தொகையும், டேக் ஒன்றுக்குச் சில யூரோவும் தருவார்கள். படம் உலகெங்கும் கோடிகளைக் குவித்தாலும் கணக்கு அத்துடன் முடிந்துவிடும்.

இந்த முறையை அசைத்தது ஒரு வழக்கு. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையின் முதல் மூன்று படங்களில் ஜானி டெப் ஏற்ற ஜாக் ஸ்பாரோ பாத்திரத்துக்கு ஜெர்மனில் குரல் கொடுத்தவர் மார்க்கஸ் ஆஃப். படங்களின் பெருவெற்றிக்கும் தமக்குத் தரப்பட்ட ஊதியத்துக்கும் பொருத்தமே இல்லை என்று அவர் நீதிமன்றம் சென்றார். படைப்பாளருக்கும் நிகழ்த்துக் கலைஞருக்கும் நியாயமான ஊதியம் பெறும் உரிமையை 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஜெர்மனியில் வலுப்படுத்தியிருந்தது. படைப்பு ஈட்டிய வருவாய்க்கும் கலைஞர் பெற்ற தொகைக்கும் இடையே வெளிப்படையான பொருத்தமின்மை இருந்தால், பின்னாளில்கூடக் கூடுதல் பங்கு கேட்கலாம் என்பது அதன் சாரம்.

முதன்மைப் பாத்திரத்துக்கான குரல், படத்தில் ஒதுக்கத்தக்க சிறு பங்களிப்பு அன்று என்ற நிலைப்பாட்டை ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2012 மே மாதம் எடுத்தது. 2016இல் பெர்லின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 1,80,000 யூரோ வழங்குமாறு தீர்ப்பளித்தது. உலகின் மிகப் பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களில் ஒன்றான டிஸ்னிக்கு எதிராகத் தனியொரு குரல் கலைஞர் பெற்ற வெற்றி அது.

சென்னையின் மரபு: குரல் மாற்றும் தொழில் நமக்குப் புதிதன்று. ஏவி. மெய்யப்பச் செட்டியார் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்து 1944இல் வெளியிட்டார். ஓர் இந்திய மொழிப் படம் இன்னோர் இந்திய மொழிக்கு டப்பிங் செய்யப்பட்ட முதல் நிகழ்வாக அது குறிக்கப்படுகிறது. அன்று தொடங்கி, பிற மொழிகளிலிருந்து வந்த நடிகையர் பலர் தமிழ்த் திரையில் பேசியது சென்னைக் கலைஞர்களின் குரலில்தான். டப்பிங் கலைஞர்களுக்கென விருது வழங்கும் மாநில அரசும் நம்முடையது.

ஊதிய முறையோ பெரிதும் மாறவில்லை. முதன்மைப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவருக்குப் படம் ஒன்றுக்கு ஒரு மொத்தத் தொகை. சிறு பாத்திரங்களுக்கும் கூட்டக் குரல்களுக்கும் கால்ஷீட் கணக்கு. தொடர்களுக்கு அத்தியாயக் கணக்கு. திரையரங்குக்காகப் பேசிய குரல், பிறகு தொலைக்காட்சிக்கும் ஓடிடி தளத்துக்கும் யூடியூபுக்கும் போகிறது. அந்தப் பயணத்தில் கலைஞருக்குப் பங்கில்லை.

குறைந்தபட்ச ஊதியத்தைப் பேசித் தீர்க்கத் திரைத் துறையில் தொழிற்சங்கம் இருப்பது நன்மையே. ஆனால், தொழிலுக்குள் நுழைய ஒரே வாசல் மட்டும் இருக்கும்போது, அந்த வாசலைக் காப்பவருக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. 2018இல் பாடகி சின்மயி, சந்தா செலுத்தவில்லை என்ற காரணம் கூறப்பட்டு டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டதும், அதை அவர் மறுத்து வழக்காடியதும் பலருக்கும் நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையின் மற்றப் பக்கங்களுக்குள் நான் செல்லவில்லை. ஒரு கலைஞர் சந்தையில் இருப்பதா, வெளியேறுவதா என்பதை ஓர் அமைப்பு மட்டுமே முடிவுசெய்யக்கூடிய நிலை, பேர ஆற்றலைக் கலைஞரிடமிருந்து எடுத்துவிடுகிறது என்பதே பொருளியல் மாணவனாக என் கவனிப்பு.

இரண்டு ஒப்பந்தங்கள்: ஜெர்மன் மொழிக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. அடையாறுக்கு அருகே ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. இன்று நகரைச் சுற்றி பி.எம்.டபிள்யூ., டெய்ம்லர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. செவிலியரும் பொறியாளரும் ஜெர்மன் வகுப்புகளை நாடுகின்றனர். இந்தச் சூழலில் ஜெர்மன் கற்றுத் தேர்ந்த சிலர், பயிற்சிக் காணொலிகளுக்குக் குரல் கொடுப்பதையும் ஒரு துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர்.

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர் அவர்களில் ஒருவர். அடையாறில் ஜெர்மன் கற்பிக்கிறார். வீட்டில் ஓர் அறையில் பஞ்சுப் பலகை ஒட்டி ஒலிப்பதிவும் செய்கிறார். அண்மையில் இரண்டு ஒப்பந்தங்களை என் கருத்துக்காக அனுப்பியிருந்தார். ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. நிறுவனத்தின் உட்பயன்பாட்டுக்கு மட்டும், இன்ன நீளம் வரை, விளம்பரமாக்கினால் தனிக் கட்டணம், குரலைச் செயற்கைக் குரல் உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மற்றொன்று சென்னையில் உள்ள ஓர் இடைத்தரகு நிறுவனம் தந்தது. 'இப்போதுள்ள, இனி உருவாகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகெங்கும், என்றென்றைக்கும்' எல்லா உரிமைகளையும் ஒப்படைப்பதாக அதில் ஒரு வாக்கியம் இருந்தது. தொகை ஜெர்மன் ஒப்பந்தத்தின் ஒரு சிறு பங்கு.

ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவரின் உச்சரிப்புக்குச் சந்தையில் கூடுதல் மதிப்பு உண்டு. அதனால் தொகை குறைவதில் எனக்கு வியப்பில்லை. குறைந்த தொகைக்கு ஏன் அதிக உரிமை கைமாறுகிறது என்பதே கேள்வி. வாடகை குறைந்த வீட்டையா நாம் கிரயம் எழுதித் தருகிறோம்?

நம் சட்டம் சொல்வது: அந்த நீண்ட வாக்கியத்தை வழக்கறிஞர்கள் வெறும் பழக்கத்தால் எழுதுவதில்லை. அதை எழுதாவிட்டால் இந்தியச் சட்டம் கலைஞரின் பக்கம் சாயும் என்பதால்தான் எழுதுகிறார்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஒப்பந்தம் செய்தபோது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகம் அல்லது பயன்பாட்டு முறைக்கு, அது வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, உரிமை மாறாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பாதுகாப்புகளைத் தேவையான மாறுதல்களுடன் நிகழ்த்துக் கலைஞருக்கும் விரிவாக்கியது. கவனித்துப் பார்த்தால், ஜெர்மன் கலைஞர் கேட்கும் அதே மூன்று கேள்விகள் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன: எந்த ஊடகம், எந்த எல்லை, எத்தனை காலம்?

அதே திருத்தம், திரைப்படத்தில் இடம்பெற ஒப்புக்கொண்ட பின்னும், தம் நிகழ்த்துகை வணிகப் பயன்பாட்டுக்கு வரும்போது கலைஞர் ராயல்டி பெறத் தகுதியுள்ளவர் என்கிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால், ஒரு விலக்கும் உண்டு. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவும், தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில்கூட இடம்பெறாததாகவும் இருந்தால், பெரும்பாலான நோக்கங்களுக்கு அவர் 'நிகழ்த்துநர்' ஆகமாட்டார். ஆகவே, பெயர்ப் பட்டியலில் டப்பிங் கலைஞரின் பெயரை விட்டுவிடுவதை மரியாதைக் குறைவு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. உரிமை கோரும்போது அவர் காட்டக்கூடிய ஆதாரமே அதனால் பலவீனமாகிறது.

சட்டம் இருந்தும் பணம் வராதது ஏன்? ராயல்டியை வசூலித்துப் பங்கிட ஓர் அமைப்பு வேண்டும். பாடகர்களுக்கு அத்தகைய பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம் இருக்கிறது. டப்பிங் கலைஞர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தனி மனிதர் ஒவ்வொரு ஒளிபரப்பையும் கண்காணித்துப் பணம் கேட்க இயலாது.

இயந்திரம் பேசத் தொடங்கியபின்: 'லால் சலாம்' படத்தின் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய தொகையும் வழங்கியதாக 2024 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். குரல் என்பது ஒருவர் மறைந்த பின்னும் விலையுள்ள சொத்து என்பதைத் தமிழ்த் திரையுலகம் அன்று ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படம் ஒன்றில் அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கியதாகக் கூறி அவருடைய மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவிக்கை அனுப்பினார். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

இவர்கள் அனைவரும் புகழ்பெற்றவர்கள். குரலைக் கேட்டதும் பெயர் நினைவுக்கு வரும். டப்பிங் கலைஞரின் நிலை வேறு. அவர் குரலைக் கோடிப் பேர் அறிவர், பெயரைச் சிலரே அறிவர். 'ஆளுமை உரிமை' என்ற குடை அவர் தலைவரை எட்டுவது எளிதன்று. நியூயார்க்கில் இரு குரல் கலைஞர்கள் 2024இல் தொடுத்த வழக்கு இதை உணர்த்துகிறது. இணையச் சந்தை ஒன்றின் வழியாக ஒருவர் 1,200 டாலருக்கும் மற்றவர் 400 டாலருக்கும் தந்த பதிவுகளிலிருந்து, தங்கள் குரலின் பிரதிகளை ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனம் உருவாக்கி விற்றதாக அவர்கள் குற்றம்சாட்டினர். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒரு பகுதி மேற்செல்ல நீதிமன்றம் 2025 ஜூலையில் அனுமதித்தது. நாற்பது நிமிடக் கூலியாக நினைத்துப் பெற்ற தொகை, ஒருவருடைய எதிர்காலத் தொழிலின் முழு விலையாகிவிடும் ஆபத்து இதுவே.

அண்மையில் மத்திய அரசு எடுத்த இரு நடவடிக்கைகள் இங்குக் கருதத்தக்கவை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றால் பயன்பெறுவோரில் டப்பிங் கலைஞர்களையும் அரசு பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. நியமனக் கடிதம், உரிய நேரத்தில் ஊதியம் ஆகியன உழைப்புக்கான பாதுகாப்புகள். அடுத்து 2025 டிசம்பரில் மத்திய தொழில் துறை அமைத்த குழு, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கட்டாய உரிமம் தந்து, அவை ஈட்டும் வருவாயில் படைப்பாளருக்கு ராயல்டி பெற்றுத்தரலாம் என்று ஓர் ஆய்வறிக்கையில் முன்மொழிந்தது. பணம் ஓர் அமைப்பின் வழியே பகிரப்படும் என்றால், அமைப்பில்லாத டப்பிங் கலைஞர்களின் பங்கை யார் கேட்டுப் பெறுவார்கள்?

இரு ஆட்சேபங்கள்: முதலாவது, சிறு தயாரிப்பாளரால் ஜெர்மன் கட்டணம் தர முடியாது என்பது. உண்மைதான், யாரும் அதைக் கேட்கவில்லை. இறக்குமதி செய்ய வேண்டியது தொகையை அன்று, விலை கட்டும் முறையை. உள்ளூர் வானொலியில் ஒரு மாதம் ஒலிக்கும் விளம்பரத்துக்குக் குறைந்த தொகை, நாடு முழுவதும் ஓராண்டு ஒலிப்பதற்குக் கூடுதல் தொகை என்று பிரித்தால், சிறு முதலாளிக்குச் செலவு குறையவும் வாய்ப்புண்டு. இன்று அவர் தமக்குத் தேவையே இல்லாத உலக உரிமையையும் சேர்த்து வாங்குகிறார்.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. மனிதக் குரலின் விலையை உயர்த்தினால் எல்லோரும் இயந்திரக் குரலுக்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். தொலைபேசி அறிவிப்பு, பயிற்சிக் காணொலி போன்ற கீழ்த்தட்டு வேலைகளில் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. அதை விலையைக் குறைத்துத் தடுக்க முடியாது. இயந்திரத்தோடு கூலியில் போட்டியிட்டு எந்த மனிதரும் வென்றதில்லை. ஆனால், அந்த இயந்திரமும் ஏதோ ஒரு மனிதரின் குரலிலிருந்துதான் பேசக் கற்கிறது. உழைப்பின் விலை சரியும்போது கலைஞர் கையில் எஞ்சும் ஒரே வருவாய், பயன்பாட்டு உரிமையின் விலை. அதையும் கூலியோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிட்டால், எஞ்சுவது ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியவை: முதலில், திரைத் துறை, விளம்பரத் துறை, கலைஞர் தரப்பு மூன்றும் அமர்ந்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் உருவாக்க வேண்டும். கூலி, பயன்பாட்டு உரிமை, செயற்கைக் குரல் ஆகிய மூன்றுக்கும் மூன்று தனி வரிகள், மூன்று தனித் தொகைகள் அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, குரல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, டப்பிங் கலைஞர்களுக்கென ஒரு பதிப்புரிமைச் சங்கம் பதிவுபெற வேண்டும். தொழிற்சங்க அரசியலிலிருந்து விலகி, உறுப்பினர் யாராயினும் கணக்குப் பார்த்துப் பணம் தரும் அமைப்பாக அது இருக்க வேண்டும்.

நான்காவதாக, மாநில அரசு ஒரு பெரிய குரல் நுகர்வோர் என்பதை மறந்துவிடக் கூடாது. நலத்திட்ட விளம்பரம் தொடங்கிப் பேருந்து நிலைய அறிவிப்பு வரை அரசு வாங்கும் குரல்கள் பல. அந்த ஒப்பந்தங்களில் காலமும் ஊடகமும் குறிக்கப்பட்டால் தனியார் சந்தை அதைப் பின்பற்றும். ஜெர்மனியில் 1983 முதல் இயங்கும் கலைஞர் சமூகக் காப்பீட்டுத் திட்டத்தில், கலைஞரின் காப்பீட்டுத் தொகையில் பாதியை மட்டுமே கலைஞர் கட்டுகிறார். மீதியைக் கலைஞர்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் ஏற்கின்றன. நம் திரைப்படத் துறையினர் நல வாரியம் அத்தகைய பங்களிப்பு முறையை ஆராயலாம்.

இவற்றுள் எதற்கும் பெரிய சட்டப் புரட்சி தேவையில்லை. பெரும்பகுதி 2012லேயே சட்டமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு குரல் கலைஞரும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தொடங்குவதே முதல் படி. கேட்பவர் ஒருவராக இருந்தால் வேலையை இழப்பார். எல்லோரும் கேட்டால் அதுவே சந்தையின் வழக்கமாகிவிடும்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்.